இரும்புப்பாலத்து எல்லை

தனேஷின் மோட்டார் சைக்கிள் பாலத்தின் ஒரு முனையில் கிடந்தது. தனேஷ் மறுமுனையில் கிடந்தான். பின்னால் வந்த அத்தனை அலைச்சலுக்கும் அதுவே காரணமாகிப் போனது.

ஈப்போவில் தான் வேலை பார்க்கும் பேரங்காடியின் வாசலில் பிரமிளா காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் புஷ்பலதா அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "உன் தம்பிய லோரி மோதிருச்சு. வா" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டாள். உயிர் இருக்கிறதா என்று சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, யாரைக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே பிரமிளா ஓட்டி வந்தாள்.

அவசரம் எதுவும் இருக்கவில்லை. தம்பியின் மேல் ஊதா நிறத் துப்பட்டா ஒன்று போர்த்தியிருந்தது. அக்காவுடையது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் புஷ்பலதாதான், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அவனை முதலில் பார்த்தவள். துணி பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் அவளே கல் வைத்திருந்தாள். அப்பா பழனியப்பன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மகளைப் பார்த்ததும், "வேலைக்குப் போகாம வந்துட்டியா?" என்று கேட்டார்.

பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு போலிஸ் கார், அந்தப் பக்கம் ஒரு போலிஸ் கார். நடுவில் நான்கு போலிஸ்காரர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ துப்புத் துலக்குகிறார்கள் என்று பிரமிளா முதலில் நினைத்தாள். அருகில் போன பிறகுதான் பேச்சு காதில் விழுந்தது.

"மோட்டார் உங்க பக்கம்தானே கிடக்குது? அப்ப உங்க கேஸ்."

"ஆளு உங்க பக்கம் கிடக்கிறான். செத்தது உங்க இடத்துல."

தனேஷின் ஒற்றைச் சப்பாத்து பாலத்தின் நடுவில் கிடந்தது. இளம் கான்ஸ்டபிள் ஒருவன் அதைக் கையில் எடுத்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு எடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்துவிட்டான்.

அந்தக் கணத்தில்தான் பிரமிளாவுக்குள் அது மூண்டது. துக்கம் பிறகு வந்தது. முதலில் வந்தது கோபம்தான்.

அந்த இடத்தை இரும்புப்பாலத் தோட்டம் என்பார்கள். வெள்ளைக்காரன் வைத்த பெயர் வேறு, அது யாருக்கும் நினைவில்லை. ரப்பரை வெட்டி எண்ணெய்ச் செம்பனை வைத்தார்கள். செம்பனையில் பாதியை வீடமைப்புக்காரனுக்கு விற்றார்கள். மீதியிருந்த ஓரத்தில், பழைய தொழிலாளிகளுக்கென்று கட்டிய மலிவு வீடுகளில் ஒன்றில் பழனியப்பனும் தனேஷும் இருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலைக்குத் தனேஷ் தினமும் காலையில் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலத்துக்குக் கீழே ஓடும் ஆறுதான் இரண்டு போலிஸ் மாவட்டங்களுக்கு எல்லை. வடகரை செரிங்கின், தென்கரை லெம்பா. ஆற்றில் மணல் எடுத்துக்கொண்டு லோரிகள் பகலெல்லாம் அதே பாலத்தில் பறக்கும். அதில் ஒன்றுதான் மோதியது. மோதிவிட்டுப் போய்விட்டது.

தகனம் முடிந்ததும் பிரமிளா முதலில் செரிங்கின் காவல் நிலையத்துக்குப் போனாள். முகப்பில் இருந்தவர் அவளை உட்காரச் சொன்னார். கணினியைத் தட்டிப் பார்த்தார்.

"இறந்தவர் உடல் லெம்பா எல்லையில் இருந்திருக்கு. நீங்க அங்கதான் கேக்கணும்."

லெம்பாவில் இன்னொருவர் அதேபோல் உட்காரச் சொன்னார். அதேபோல் தட்டிப் பார்த்தார்.

"மோதின இடம் செரிங்கின் பக்கம். விசாரணை அதிகாரியை அவங்கதான் நியமிக்கணும்."

"அவங்க உங்களச் சொல்றாங்க."

"அப்படியா? நாங்க கடிதம் எழுதியிருக்கோம்."

"என்னன்னு?"

"இது எங்க கேஸ் இல்லன்னு."

பிரமிளாவுக்கு அந்தக் குரல் புதிதல்ல. பேரங்காடியின் புகார் முகப்பில் உட்கார்ந்து அவளே நாள்தோறும் பேசும் குரல்தான் அது. உடைந்த மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம், கோபப்படாமல், சிரித்த முகத்தோடு, தயாரித்த கம்பெனியில் கேளுங்கள் என்று சொல்லும் குரல். ஆனால் அவள் தூக்கிக்கொண்டு வந்தது மின்விசிறியை அல்ல.

"என் தம்பி என்ன, ஆத்துல மிதந்து வந்த கட்டையா? நீங்க அங்க தள்ளுவீங்க, அவங்க இங்க தள்ளுவாங்களா?" என்று கத்தினாள். மலாயில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு மாறிவிட்டாள். அங்கே காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முகப்பில் இருந்தவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெளியே வந்தவளைப் பின்னால் ஒருவர் கூப்பிட்டார். சார்ஜன் ஜெயபாலன். லெம்பா நிலையத்தில் இருந்த ஒரே தமிழர். ஐம்பதை நெருங்கியவர், உடம்பு தளர்ந்துபோய்ச் சட்டை மட்டும் விறைப்பாக இருந்தது.

"தங்கச்சி, உள்ள கத்திப் பிரயோசனம் இல்லலா. நான் சொல்றத கேளு. பாலாய்க்கு, இந்த மாதிரி ஸ்டேஷனுக்கு, மேல மாவட்டம். மாவட்டத்துக்கு மேல மாநிலம், ஈப்போவுல இருக்கே, பெரிய கட்டடம். ரெண்டு மாவட்டமும் ஒரு கேஸ வேணாம்னா, யாரு எடுக்கணும்னு சொல்ற அதிகாரம் மாநிலத்துக்குத்தான் இருக்கு. இவங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்டே இருக்கலாம். மேல கேட்டாத்தான் முடிவு."

"அப்ப ஏன் மேல கேக்கல?"

ஜெயபாலன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டா, ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீங்கன்னு அவங்க கேப்பாங்க."

"இது சரியா அண்ணே?"

"சரின்னு நான் சொன்னேனா?"

"நீங்க போய்ச் சொல்லலாம்ல?"

"நான் சார்ஜன்மா. சொல்ற இடத்துல நான் இல்ல."

அந்த வார்த்தை அவளை எரித்தது. அவள் காரில் ஏறினாள்.

ஈப்போ மாநிலத் தலைமையகத்தில் ஒரு பெண் போலிஸ் பொறுமையாகக் கேட்டு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். முறைப்படி மாவட்டத்திடம் விளக்கம் கேட்போம் என்றாள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி கீழே இறங்கிப் போய்ச் சேர்ந்தது லெம்பாவுக்கு. லெம்பாக்காரர்கள், செரிங்கினோடு சேர்ந்து விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று மேலே எழுதிவிட்டார்கள். பிரமிளாவுக்கும் அப்படியே தகவல் வந்தது. எவன் மேல் புகார் சொன்னாளோ அவன் எழுதிய பதிலையே அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள்.

"என்ன விசாரணை? யாரை விசாரிச்சாங்க?" என்று அப்பாவிடம் கேட்டாள். "வீட்டுக்கு யாராவது வந்தாங்களாப்பா?"

"வரலம்மா." பழனியப்பன் மகனின் வேலைப் பையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். பிறகு அது இருந்த இடத்துக்கே திரும்ப நகர்த்தினார். "போலிசு கூட நமக்கு எதுக்கும்மா வம்பு? விடு. போனவன் போயிட்டான்."

"போனவன் இல்லப்பா. அவன அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

"நாம கத்தினா மட்டும் என்ன நடந்துரும்?"

அவருடைய வாழ்நாள் முழுவதும் அந்தக் கேள்விதான். தோட்டத்தை விற்றபோதும் அதையே கேட்டார். பிரமிளாவுக்கு அப்பா மேலும் கோபம் வந்தது, அப்படி வந்ததற்காகத் தன் மேலும் வந்தது. அவள் எழுந்து வெளியே போனாள்.

பாலத்தின் தென்கரை முச்சந்தியில் ஜஹாங்கீரின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வாசலில் உட்கார்ந்தால் பாலம் முழுவதும் தெரியும். எந்தப் போலிஸாவது வந்து கேட்டார்களா என்று பிரமிளா விசாரித்தாள். யாரும் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை.

"நீங்க பாத்தீங்களா அண்ணே? எந்த லோரின்னு தெரியுமா?"

ஜஹாங்கீர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்தார். "எல்லா லோரிக்காரனும் இங்கதாம்மா பசியாறுறான். நான் எப்படிச் சொல்வேன்? நாளைக்கு அவனுங்க முதலாளி வந்து கடைய மூடச் சொன்னா?"

கல்லாவில் அவர் மனைவி ஃபரீதா இருந்தாள். பிரமிளா வெளியேறும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருமாதியை ஆற்றங்கரையிலேயே, பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். தோட்டத்து மக்கள் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்தவர்கள். மணல் உறிஞ்சும் இயந்திரத்தின் இரைச்சலில் பண்டாரம் சொன்ன மந்திரம் யாருக்கும் கேட்கவில்லை. ஆற்று நீர் பால்கோப்பி நிறத்தில் ஓடியது. பழனியப்பன் வாழையிலையில் பிண்டம் வைத்தார்.

அப்போது மேலே ஒரு லோரி வந்தது. மூடாமல் குவித்த மணல். பாலத்தின் பலகைகள் அதிரக் கடந்தபோது மணல் பொலபொலவென்று சரிந்து, காற்றில் வந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. இலையிலும் விழுந்தது. பின்னாலேயே இன்னொரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

பழனியப்பன் குனிந்து, பிண்டத்தின் மேல் ஒட்டியிருந்த மணலை விரல் நுனியால் எடுத்துப் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு துகளாக. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிரமிளா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரையில் ஏறி, தார்ச் சடக்குக்கு வந்து, பாலத்தின் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

அவள் எதையும் திட்டமிடவில்லை. அடுத்த லோரி வந்தது. ஹாரன் அடித்தான். அவள் அசையவில்லை. அவன் பிரேக் போட்ட வேகத்தில் முன்சக்கரம் அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. சூடான டீசல் புகை முகத்தில் அடித்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து கெட்ட வார்த்தையில் திட்டினான்.

"ஏத்துடா!" என்று கத்தினாள் பிரமிளா. "ஒருத்தன் மேல ஏத்தினீங்கள்ல, எவனாவது கேட்டானா? என் மேலயும் ஏத்து. எவனும் கேக்க மாட்டான்!"

அதற்குள் புஷ்பலதா அக்கா ஓடிவந்து தன் வேனைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராக ஏறிவந்து பிரமிளாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கருமாதிக்கு வந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பண்டாரமும் வந்து கைப்பிடிக் கம்பியோரம் நின்றார். இரு பக்கமும் லோரிகள் வரிசை பிடித்தன. அக்கா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, உரத்த குரலில் பேசியபடி எல்லாவற்றையும் நேரலையில் விட்டாள்.

மணல் கம்பெனிக்காரன் யாரிடம் தொலைபேசியில் பேசினானோ தெரியாது. வெயில் ஏறுவதற்குள் போலிஸ் வந்துவிட்டது. தனேஷ் கிடந்த நாளில் இரண்டு கார் வந்தது. இன்று வடகரையில் மூன்று, தென்கரையில் நான்கு. கவசத் தொப்பியோடு ஆட்கள் இறங்கினார்கள்.

லெம்பா இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இது லெம்பா மாவட்டக் காவல் எல்லை. இங்கே கூடியிருப்பது சட்டவிரோதம். உடனே கலைந்து போகவும்."

வடகரையிலிருந்து செரிங்கின் இன்ஸ்பெக்டரும் அதையே சொன்னார். "இது செரிங்கின் எல்லை. கலையாவிட்டால் நடவடிக்கை எடுப்போம்."

இரண்டு குரலும் பாலத்தின் நடுவில் வந்து மோதின. பிரமிளா எழுந்து நின்றாள். மலாய் வார்த்தைகள் எல்லாம் அவளை விட்டுப் போய்விட்டன. தமிழில்தான் பேச முடிந்தது.

"சார்ஜன் அண்ணே!" என்று லெம்பா பக்கம் நின்ற ஜெயபாலனைப் பார்த்துக் கூப்பிட்டாள். "உங்க துவான், அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. என் தம்பி இந்தப் பாலத்துல செத்துக் கிடந்தான். அன்னைக்கு இது யாரு எல்லையும் இல்ல. இந்தப் பலகைலதான் அவன் ரத்தம் ஓடுச்சு. உங்க ஆளுங்க அவன் சப்பாத்தக்கூட எடுத்துக்கப் பயந்தாங்க. இன்னைக்கு மணல் லோரி நின்னதும் ரெண்டு பேருக்கும் எல்லை வந்துருச்சா? மணலுக்கு எல்லை இருக்கு, மனுசனுக்கு இல்லையா? கேளுங்க!"

ஜெயபாலன் அசையாமல் நின்றார். இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

அவர் அதை மழுப்பியிருக்கலாம். அந்தப் பெண் வருத்தத்தில் ஏதோ உளறுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். பிரமிளா அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் ஜெயபாலன் இரண்டடி முன்னால் வந்து, அவள் சொன்னதை வரிக்கு வரி, ஒரு வார்த்தை குறையாமல், எல்லோருக்கும் கேட்கும் குரலில் மலாயில் சொன்னார். சப்பாத்தையும் சொன்னார். ரத்தத்தையும் சொன்னார். கடைசிக் கேள்வியை இரண்டு தரம் சொன்னார். அந்த இளம் கான்ஸ்டபிள் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. "அவளைப் பிடி" என்றார்.

இரண்டு பெண் போலிஸ் வந்து பிரமிளாவின் கையைப் பிடித்தார்கள். பெண்கள் கூச்சல் போட்டார்கள். அந்த நேரத்தில் முச்சந்திப் பக்கமிருந்து ஒருத்தி வேகமாக நடந்து வந்தாள். ஃபரீதா. கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். பின்னால் ஜஹாங்கீர், "ஃபரீதா, வேணாம், வா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"நான் பாத்தேன்" என்றாள் ஃபரீதா. "அந்தப் பையன் அவன் பக்கத்துலதான் ஒழுங்கா வந்தான். லோரிதான் முந்திக்கிட்டு வந்து அடிச்சுச்சு. பச்சை லோரி. முன்னாடி கண்ணாடில சாமி படம் இருந்துச்சு. அடிச்சிட்டு, கொஞ்ச தூரம் போய் நின்னான். போன்ல பேசினான். அப்புறம் போயிட்டான். இத்தனை நாளும் போலிசு எவனாவது வந்து கேட்டா சொல்லலாம்னுதான் உக்காந்திருந்தேன். எவனும் வரல."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "கடை போனா போகட்டுங்க. எனக்கு ராத்திரில தூக்கம் வரல."

பிரமிளாவை லெம்பா நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சடக்கை மறித்த குற்றம் என்றார்கள். அவள் வாக்குமூலத்துக்கு உட்கார்ந்திருந்தபோது ஈப்போவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். டிஎஸ்பி நூருல் ஹுதா. மாநிலப் போக்குவரத்துக் குற்றப் பிரிவைச் சேர்ந்தவர். புஷ்பலதா அக்காவின் நேரலை அதற்குள் மாநிலம் முழுக்கச் சுற்றிவிட்டிருந்தது. நிலையமே எழுந்து நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் நேராகப் பிரமிளாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தமிழ்லயே பேசுங்க" என்றார். "எங்க வாப்பா தைப்பிங்ல கடை வச்சிருந்தவங்க."

பிரமிளா எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள். நூருல் ஹுதா இடைமறிக்கவில்லை. முடிந்ததும் லெம்பா இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்டார். எல்லைத் தகராறு இருந்தால் மாநிலத்திடம் முடிவு கேட்க வேண்டும் என்பது தெரியுமா? தெரியும் என்றார் அவர். கேட்டீர்களா? இல்லை என்றார்.

டிஎஸ்பி கைப்பேசியை எடுத்து யாரிடமோ பேசினார். வைத்துவிட்டு, "கேஸ் லெம்பாவுக்கு. விசாரணையை என் பிரிவு நேரடியாகப் பார்க்கும்" என்றார்.

அவ்வளவுதான். பிரமிளா அவரையே பார்த்தாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"இவ்வளவுதானா மேடம்? ஒரு போன்? இதுக்கா நாங்க நாயா அலைஞ்சோம்? என் அப்பா சோத்துல விழுந்த மண்ணப் பொறுக்கினாரு மேடம். இந்த ஒரு போனுக்காகவா?"

நூருல் ஹுதாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. "ஆமா" என்றார். "இந்த ஒரு போனுக்காகத்தான். கேக்க வேண்டியவங்க கேக்கல. இங்கேருந்து வந்த பதில நாங்களும் நம்பிட்டோம். உங்க கோபம் நியாயம்தான். அத நான் தணிக்கப் போறதில்ல."

அவளை எச்சரித்து அனுப்பினார்கள். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவ்வளவு வேகம் முன்பே சாத்தியமாக இருந்தது என்பதுதான் பிரமிளாவை இன்னும் வதைத்தது. பச்சை லோரியைத் தாப்பாவில் ஒரு பட்டறையில் கண்டுபிடித்தார்கள். முன்பகுதி முழுவதையும் மாற்றி, நீல வண்ணம் அடித்திருந்தார்கள். சாமி படம் மட்டும் அப்படியே இருந்தது. ஓட்டுநரைப் பாரிட் புந்தாரில், அவன் மாமியார் வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். அவன் பெயர் உடையப்பன். ஃபரீதா அடையாளம் காட்டினாள். இரண்டு இன்ஸ்பெக்டர்கள் மேலும் ஒழுங்கு விசாரணை நடக்கிறது என்று செய்தியில் வந்தது. ஜெயபாலனை முகப்பு வேலைக்கு மாற்றினார்கள். அது தண்டனையா என்று அவருக்கே தெரியவில்லை.

குற்றம் சாட்டிய நாளில் பிரமிளாவும் பழனியப்பனும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு அரக்கனைப் பார்க்கப் போவதாக அவள் நினைத்திருந்தாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தவன் வற்றிப்போன ஆள். காலில் ஜப்பான் சிலிப்பர். அவன் பக்கத்தில் கர்ப்பிணி மனைவி நின்று அழுதுகொண்டிருந்தாள். காவலுக்கு நின்ற போலிஸ்காரர் தடுப்பதற்குள் பிரமிளா அவன் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"ஏன்டா நிக்கல? நின்னியே, கொஞ்ச தூரம் போய் நின்னியே. ஏன் திரும்பி வரல?"

உடையப்பன் நிமிர்ந்து பார்த்தான். அவளை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். வீடியோவை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"நான் திரும்பத்தான் பாத்தேன்க்கா. சத்தியமா. பாஸுக்கு போன் பண்ணேன். எங்கடான்னாரு. இரும்புப்பாலம்னேன். சிரிச்சாருக்கா. அந்தப் பாலம் ரெண்டு போலிசுக்கும் வேணாத பாலம்டா, எவனும் தேடி வரமாட்டான், நீ லோரிய ஓட்டிக்கிட்டே இருன்னாரு. முன்னாடி ஒரு கிழவனத் தட்டுனப்பவும் ஒன்னும் ஆகலன்னாரு."

போலிஸ்காரர் பிரமிளாவைப் பிடித்து விலக்கினார். அவள் விலகி நின்றாள். அவன் மேல் அவள் சுமந்து வந்த கோபம் எங்கும் போகவில்லை. ஆனால் அது இப்போது அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருவன், ஏதோ ஒரு குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, அவள் தம்பி கிடந்த இடத்தைக் கேட்டதும் சிரித்திருக்கிறான். இரண்டு நிலையங்கள் எதைச் செய்யாது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

பின்னால் நின்ற அப்பாவும் கேட்டிருந்தார். பிரமிளா திரும்பியபோது அவருடைய உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"சிரிச்சானா?" என்றார். "என் புள்ள கிடந்த எடத்தக் கேட்டுச் சிரிச்சானா?"

"அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் டிஎஸ்பி மேடத்துக்குப் போன் பண்றேன்."

"போன் வேணாம். வண்டிய எடு."

"எங்கப்பா?"

"பாலாய்க்கு. எந்தப் பாலாயோ, அவங்க கேஸு எடுத்தாங்கல்ல, அங்க."

லெம்பா நிலையத்தில் முகப்பில் ஜெயபாலன் இருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். பக்கத்தில் இருந்த இளைஞன், "இன்னொரு புகாரா? கேஸ்தான் நீதிமன்றத்துக்குப் போயிருச்சே" என்று மலாயில் ஆரம்பித்தான். ஜெயபாலன் அவன் தோளில் கையை வைத்து அழுத்தினார். அவன் நிறுத்திக்கொண்டான்.

பிரமிளா பேச முன்வந்தாள். பழனியப்பன் அவளைக் கையால் ஒதுக்கினார்.

"நீ இரு. அவன் எனக்குப் புள்ள."

அவர் முகப்பு மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மரம் வெட்டிக் காய்த்த கைகள். இத்தனை வருஷமாகத் தோட்டத்து மேலாளர்களுக்குத் தலையாட்டவும் கடைக்காரர்களிடம் சாமான் கேட்கவும் மட்டுமே பயன்பட்ட அவருடைய உடைந்த மலாயில், இலக்கணம் எதுவும் இல்லாமல், ஆனால் அந்த அறையின் கடைசி நாற்காலிவரை கேட்கும் குரலில், தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த லோரி முதலாளியின் பெயரைச் சொல்லித் தன் புகாரை ஆரம்பித்தார்.

ஜெயபாலன் உட்கார்ந்து தட்டச்சு செய்யத் தொடங்கினார்.